நடந்து போன வாஷிங் மெஷின்

— நடந்துச்சுன்னா சொல்லுதிய, அக்கா? வாஷிங் மெஷின் எப்படி நடக்கும்?

— நான் பொய்யா சொல்லுதேன், மாஜிதா? தென்காசியிலருந்து உன்ன ரிப்பேர் பாக்க வரச் சொன்னதே அதுக்குத்தான. செவத்தோரம் கெடந்தது துள்ளித் துள்ளி வாசல் வரைக்கும் வந்துட்டு, பாத்துக்கோ. தண்ணிக் குழாயையும் பிச்சுக்கிட்டு. லாட்ஜு கீழ்த்தளம் பூரா வெள்ளம். குத்தாலத்துல சீசன், எல்லா ரூமும் ஆளு. எங்க வீட்டுக்காரர் வந்த கோவத்துல மாடத்திய அங்கனயே வேலைய விட்டு நிறுத்திட்டாவ.

— துணி துவைக்குத அக்காவயா? அவங்க என்ன பண்ணுனாங்க?

— அவதான் பக்கத்துல நின்னா. மெஷின ஒடச்சிட்டான்னு ஏசுனாவ. எட்டு வருசமா இருக்கா.

— ஒடைஞ்சிருக்கான்னு பாத்துருவோம். தள்ளி நில்லுங்க, வெறும் டிரம்ம சுத்த விடுதேன்... கேக்குதா? ஒரு ஆட்டமும் இல்ல. பேரிங் நல்லாருக்கு, சரியா?

— அப்போ ஏன் துள்ளிச்சு?

— உங்க சாவிக்கொத்தக் குடுங்க. இந்தக் கயித்துல கட்டிட்டேன். மெதுவாச் சுத்துங்க. விரல இழுக்குதா?

— லேசா.

— இப்ப வேகமா.

— யாத்தீ, விரலப் பிடுங்குது!

— அதான். வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்காவும். துணி டிரம்முல சுத்திவரப் பரவிக் கெடந்தா, இந்தப் பக்கத்து இழுப்ப அந்தப் பக்கம் சரிக்கட்டிரும். எல்லா எடையும் ஒரு பக்கமா ஒதுங்கிட்டுன்னா, பிழியுத வேகத்துல மெஷினையே தூக்கி ஆட்டிரும். புது மெஷின்னா தானா நின்னுக்கும். இது பழசு, சரியா? அன்னைக்கு உள்ள என்ன கெடந்துச்சு?

— துண்டுதான். எண்ணெ தேச்சுக் குளிக்க வாரவங்க துண்டு.

— பாருங்க, இருபது துண்டு நனைச்சுப் போட்டுச் சுத்துதேன்... நடக்குதா?

— இல்ல.

— ஏதோ ஒரே பெரிய சாமான் தண்ணியக் குடிச்சிட்டு ஒரு பக்கமாச் சுருண்டிருக்கு, அக்கா. கம்பளி, விரிப்பு, அந்த மாதிரி... என்னக்கா, ஏன் உக்காந்துட்டிய?

— மாடி ஹால் ஜமுக்காளம், மாஜிதா. மாடத்தி கொடியில துணி காயப்போடப் போயிருந்தா. நாந்தான் உள்ள திணிச்சு பட்டனத் தட்டிட்டு, காப்பி குடிக்கப் போனேன். சத்தம் கேட்டு வந்து பாத்தா ஜமுக்காளத்தக் காணோம், அவிய அவளப் போட்டு ஏசிட்டு இருக்காவ. எனக்கு அப்பவே சந்தேகம். ஆனா வாயே தொறக்கல, பாத்துக்கோ.

— இப்ப தொறங்க. போனப் போடுங்க.

— ...மாடத்தி, நான் அனுசியா பேசுதேன். எங்கன இருக்க?

— இலஞ்சி பஸ் ஸ்டாப்புல, யம்மா. செங்கோட்டையில ஒரு ஓட்டல்ல வேல கேட்டுட்டு வரலாம்னு நிக்கேன்.

— போவாத. மெஷின் ஒடையல. நீ ஒண்ணும் பண்ணல. அவிய வந்ததும் நானே உண்மையச் சொல்லிருதேன். அன்னைக்கு அந்த ஜமுக்காளத்த...

— தெரியும், யம்மா. உங்கள ஏசுவாவன்னுதான், அண்ணாச்சி வாரதுக்குள்ள அத வெளிய இழுத்து அழுக்குத் துணிக்கு அடியில ஒளிச்சுவச்சேன்.