லீவ் லெட்டரில் ஏழு

— பேசமாட்டே, சரி. பேனா பிடிக்கலாம்ல? இந்த லீவ் லெட்டரைக் கொஞ்சம் திருத்திக் கொடேன்.

— உங்க ஆபீஸ்லதான் எல்லாரும் இங்கிலீஷ் புலியாச்சே.

— புலிகிட்ட காட்டினா கடிச்சுடும். நீ பாரு.

— ஞாயித்துக்கிழமை இதே சோபாவுல, உங்க சிநேகிதங்க நாலு பேர் முன்னாடி, நான் இங்கிலீஷ் பேசறதை நடிச்சுக் காட்டி சிரிச்சீங்க. மூணு நாள்தான் ஆகுது.

— அன்னிக்கு என் வாய் என் பேச்சைக் கேக்கலை...

— என் பரீட்சையும் அதோட போச்சு. நாளைக்கு நான் போகலை. அந்த டீச்சர் வேலையும் வேணாம்.

— போகாதே. யாரு போகச் சொன்னா? லெட்டரை மட்டும் பாரு.

— கொடுங்க... ஐயோ. 'கைண்ட்லி எக்செப்ட் மை லீவ்'!

— கம்பீரமா இருக்குல்ல?

— லீவைத் தவிர எது வேணாலும் எடுத்துக்கோங்கன்னு அர்த்தம். அக்செப்ட். 'ஏ'-ல ஆரம்பிக்கணும்.

— மேனேஜர் எடுத்துக்க என்கிட்ட வேற என்ன இருக்கு?

— நான் சிரிக்கமாட்டேன். அடுத்து... 'ஐ ஆம் அண்டர் தி வாட்டர்'?

— உடம்பு சரியில்லைன்னா அப்படித்தானே...

— அண்டர் தி வெதர். இதைப் படிச்சா மேனேஜர் படகு அனுப்புவார்.

— வரட்டும். மேல?

— 'லூஸ்'. இழக்கறதுக்கு ஒரு 'ஓ' போதும். ரெண்டு போட்டா உங்க பழைய பேண்ட்.

— அதை ஏன் இழுக்கறே?

— இழுத்தா கழண்டுடும். 'பீஸ் ஆஃப் மைண்ட்'... இது துண்டு, கேக்கு பீஸ் மாதிரி. நிம்மதிக்கு எழுத்து வேற.

— ஓ... வேறயா?

— என்ன முழிக்கிறீங்க?

— ஒண்ணுமில்லை. படி, படி.

— 'மை ஒய்ஃப் இஸ் க்வயட் இன்டெலிஜென்ட்'... க்வைட்னு எழுதணும். நீங்க எழுதினது 'அமைதி'.

— மூணு நாளா அதானே நடக்குது.

— இருங்க, உங்க லீவுக்குள்ள நான் எப்படி வந்தேன்? 'மை ஒய்ஃப் ஹாஸ் எக்ஸாம் டுமாரோ. ஐ வில் வெயிட் அவுட்சைட் வித் ஸ்டேஷனரி'...

— பேனா, பென்சிலோட வாசல்ல நிப்பேன்னு...

— உடம்பு சரியில்லாதவர் எப்படி வாசல்ல நிப்பார்?

— தண்ணிக்குள்ளேருந்து எழுந்து வந்துடுவேன்.

— ம்க்கும். 'ஸ்டேஷனரி'யில 'ஈ' போடற இடத்துல 'ஏ'. பேனா, பென்சில் போயி, அசையாம நிக்கறதுன்னு ஆயிடுச்சு.

— அதுவுமா தப்பு?! சரி... அசையாமத்தான் நிப்பேன். மூணு மணி நேரமும்.

— இருங்க, இதையும் திருத்திடறேன்.

— எத்தனை தப்பு ஆச்சு?

— ஆறு.

— உனக்கு வராதுன்னு சிரிச்ச வாய் இது. அதான்... வேணும்னே தப்பு தப்பா எழுதினேன்.

— தெரியும். இருபது வருஷம் ஹெட் கிளார்க்கா இருக்கறவர் தண்ணிக்கு அடியில போவாரா?

— இன்னொண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிடாதே... நான் வேணும்னு போட்டது நாலுதான். அந்த நிம்மதிக்கு எழுத்து வேறன்னு நிஜமாவே தெரியாது. ஆபீசுக்குப் பேனா, பேப்பர் வாங்கறப்பல்லாம் இருபது வருஷமா அந்த 'ஏ'-தான் போட்டுக்கிட்டிருக்கேன்.

— லெட்டர்ல மொத்தம் ஏழு. ஏழாவதை நாளைக்குப் பரீட்சை எழுதிட்டு வாசலுக்கு வந்து சொல்றேன். அதுவரைக்கும் அசையாம நில்லுங்க.