நடுவேன் என்றவனும் நட்டுவிட்டு வந்தவரும்

ஃப்ரெஸ்னோ நகரில், கடல் கடந்து அகதிகளாய் வந்து குடியேறிய நம் ஹ்மோங் மக்களுக்கான உதவி மையத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் இளைஞர் நலப் பொறுப்பாளர் திருமதி பாஞியா லோர் அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

நம் மொழியில் வெள்ளிப் பூ என்று பொருள்படும் பெயர் பெற்று, வேலையில் எஃகாய் நின்றவரே! கோப்புகளுக்குக் கோபமுகமும் குழந்தைகளுக்குக் குளிர்முகமும் காட்டிய குணவதியே! பதினெட்டுக் குலத்துப் பெரியவர்களையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒருவரும் எழுந்து போகாமல் கூட்டத்தை முடிக்கத் தெரிந்த ஒரே பெண்மணியே! பெரியம்மா!

கடைசிச் சொல்லைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறோம். ஆனால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடல் இது என்பதால், கொஞ்சம் நிமிர்ந்து நின்று பேசும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். நிமிர்ந்துதான் தொடங்கியிருக்கிறோம். எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது.

இந்த மையத்துக்கு நீங்கள் வந்தபோது இரண்டு அறைகளும் ஒழுகும் ஒரு கூரையும் இருந்தன. மருத்துவமனைக் கடிதங்களை நம் மொழியில் வாசித்துச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புகார்களைப் பெற்றோரிடம் பாதி மென்று விழுங்கிச் சொன்னீர்கள். வாடகைப் படிவம், ஓட்டுநர் தேர்வு, துக்க வீட்டு ஏற்பாடு என்று வருகிறவர்கள் எந்த முகத்தோடு வந்தாலும், போகும்போது ஒரு தம்ளர் தண்ணீராவது குடித்துவிட்டுத்தான் போனார்கள். இவை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் வெளியே அவித்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் ஆறிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். அதுவும் நீங்கள் பதினான்கு வருடமாக எங்களிடமிருந்து மறைத்த ஒன்றை.

டிசம்பர் கடைசியில் நம் புத்தாண்டு விழாவில், ஒரு காலத்தில் பெண்கள் மட்டுமே போட்டிக்கு மேடை ஏறினார்கள். உடுத்திக் காட்டினார்கள், ஆடினார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். பையன்கள் கீழே கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருநாள் குலப் பெரியவர்களின் கூட்டத்தில் நீங்கள் மெதுவாகத்தான் கேட்டீர்களாம்.

“பொண்ணுங்களை மட்டும் நிக்கவச்சுக் கேள்வி கேக்குறோமே, நம்ம பசங்க என்ன பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டா பொறந்தாங்க?”

அப்படித்தான் பையன்களுக்கான மேடை வந்தது. அதோடு நீங்கள் ஒரு சட்டமும் போட்டீர்கள். வெல்கிறவனின் தொலைபேசி எண்ணை விழா மலரின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக அச்சடிக்க வேண்டும். கீழே சின்னதாக மையத்தின் எண். ஒரு வருடத்துக்கு யார் எதற்குக் கூப்பிட்டாலும் அவன் போய் நிற்க வேண்டும். மகுடத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம், போனைப் பூட்டக் கூடாது. இதைக் கேட்டதும் முதல் வருடம் பெயர் கொடுத்த ஏழு பேரில் மூன்று பேர் காணாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

மூன்றாம் வருடம் வந்தான் லெங் வூ. வயது இருபத்திரண்டு, டயர் கடையில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் நம் மொழி அவனுக்கு வீட்டுக்குள் போடுகிற செருப்பு மாதிரி, வெளியே போட்டுப் பழக்கமில்லை. ஆனால் மூங்கில் குழல்கள் வைத்த கெங் கருவியை ஊதிக்கொண்டே அவன் சுழன்றபோது, மேலங்கியில் தைத்த நாணயங்கள் குலுங்கிய சத்தத்தில் கூட்டம் பேச்சை நிறுத்தியது. நடுவர்கள் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். அப்புறம் கேள்விச் சுற்று வந்தது. நம் மக்களுக்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். லெங் மைக்கைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, ‘உங்களை எல்லாம் வழிநடத்துவேன்’ என்று சொல்ல நினைத்தான்.

நம் மொழியில் ‘ச்சோ’ என்பதைக் குரலை உயரத்திலிருந்து இறக்கிச் சொன்னால் வழிநடத்துவது. மூச்சை அடித்தொண்டையில் விட்டுச் சொன்னால் நாற்று நடுவது. நாம் எழுதுகிற ஆங்கில எழுத்தில் பார்த்தால் கடைசியில் ஜே போடுவதா ஜி போடுவதா என்பதுதான் வித்தியாசம். லெங்குக்குப் பயத்தில் குரல் உயரவே இல்லை. இரண்டாயிரம் பேர் முன்னால், உங்களை எல்லாம் நடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டான்.

மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா எழுந்து நின்று கேட்டாள்: “தம்பி, தலையை மேல வச்சு நடுவியா, கீழ வச்சா?”

அரங்கம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. அப்படியும் முன்சுற்று மதிப்பெண் தாங்கிப் பிடித்ததில் அரைப் புள்ளியில் அவனே வென்றான். அதுதான் வினையாகிவிட்டது. ஹாங் குலப் பெரியவர் சாய்சுவா கொதித்துப்போனார். நாற்பது ஏக்கரில் எலுமிச்சைப்புல்லும் பாகலும் போடுகிற மனிதர். வார்த்தையிலும் களை பொறுக்காதவர். வழிநடத்து என்று சொல்லவே வராதவனுக்கு மகுடமா, இந்தக் கூத்தை இதோடு நிறுத்துங்கள் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நீங்கள் ஒரே ஒரு வருடம் கேட்டீர்கள். அவர் கடைசியில் இறங்கி வந்தார்.

“சரி. ஒரு வருஷம் பாப்போம். யாராவது கூப்பிட்டு ஒரு தடவை அவன் வரலைன்னாலும், அடுத்த வருஷம் பசங்களுக்கு மேடை கிடையாது.”

அன்றிலிருந்து லெங்கின் போன் ஓயவில்லை. உதவிக்காகக் கூப்பிட்டவர்கள் கொஞ்சம் பேர். சிரிக்கக் கூப்பிட்டவர்கள்தான் நிறைய. நடவுக்காரத் தம்பியா, மிளகாய் நாற்று வந்திருக்கிறது, எங்களை நடுவதற்கு முன்னால் அதை நட்டுவிட்டுப் போ என்றார்கள். லெங் நிஜமாகவே போனான். டயர் கடை வேலை முடிந்ததும் கைக்கரியைக்கூடக் கழுவாமல் போய் வரப்பில் நின்றான். விளையாட்டுக்குக் கூப்பிட்டவர்களுக்கு அவனை வாசலில் பார்த்ததும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நட்டு முடித்ததும், சாப்பிட்டுப் போ என்றார்கள். சாப்பிடும்போது, இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது பார் என்றார்கள். ஏப்ரலுக்குள் அவன் வரிசை பிடித்து நட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று பெயர் வந்துவிட்டது. நம் மொழியும் மண்ணோடு சேர்ந்து அவன் நகக்கண்ணில் கொஞ்சம் ஏறிக்கொண்டது.

மே மாதக் கடைசியில்தான் சறுக்கியது. உறவுக்காரர் கல்யாணப் பேச்சு. சீர் பேரம் பேசும் இரு தரப்புத் தூதர்களும் மேசையில் உட்கார்ந்திருக்க, யாரோ பழைய கதையை எடுத்து லெங்கைச் சீண்டினார்கள். அவனுடைய அப்பாவும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இவனை நானே இன்னும் சரியா நடலை. அதான் வேர் பிடிக்காம ஊர் ஊராச் சுத்துறான்.”

மற்றவர்கள் சொன்னதை எல்லாம் ஐந்து மாதம் தாங்கியவனுக்கு இது தாங்கவில்லை. அன்றைக்கே போனை அணைத்து டயர் கடை இழுப்பறையில் போட்டான். நான்கு நாள் எடுக்கவில்லை. மேடை போனால் போகட்டும் என்றுதான் நினைத்தான். ஐந்தாம் நாள் மதியம் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று அவன் எழுந்து நின்றான். பப்பாளிக்காய் சாலட் டப்பாவை அவனிடம் நீட்டி, நீங்கள் கேட்டது இவ்வளவுதான்.

“உன் போன் ஏதோ ரிப்பேர்னு நினைச்சேன். சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு, பெரியம்மா.”

உங்கள் கார் திரும்புவதற்குள் அவன் போனைப் போட்டுவிட்டான். அந்த நான்கு நாளில் யாரும் தன்னைத் தேடியதாக ஒரு புகாரும் வரவில்லையே என்று அவனுக்கு நிம்மதி. உள்ளூர ஒரு வருத்தமும்கூட.

வருடம் முடிந்து பெரியவர்கள் கூடினார்கள். பையன்களின் மேடை நிற்குமா போகுமா என்பது சாய்சுவா ஹாங்கின் ஒரு வார்த்தையில் இருந்தது. அவர் எழுந்தார்.

“கூப்பிட்டப்பல்லாம் ஆள் வந்துச்சு,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேடை பிழைத்தது. அதற்குப் பின் பதினான்கு பையன்கள் அதில் வென்று எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவன் இன்று பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறான். ஒருவன் துக்க வீடுகளில் சடங்கு நடக்கும் மூன்று நாளும் அடுப்படியைத் தலையில் போட்டுக்கொள்கிறான். அவன் இல்லாமல் இங்கே யாரும் நிம்மதியாகச் சாகக்கூட முடியாது. லெங் இந்த மையத்திலேயே சேர்ந்து, நாளை முதல் உங்கள் நாற்காலியில் உட்காரப்போகிறான். தன்னைப் பற்றி இந்த மடலில் எழுதவே கூடாது என்று அடம்பிடித்தான். வாக்கெடுப்பு வைத்தோம். ஒன்பதுக்கு ஒன்று.

இனித்தான் விஷயமே இருக்கிறது, பெரியம்மா. போன மாதம் அந்த நாற்காலிக்கு முன்னால் இருக்கும் மேசையை லெங் ஒழித்துக்கொண்டிருந்தான். அடி இழுப்பறையில், பழைய விழா மலருக்குள், மஞ்சள் சீட்டுகள் பதினொன்று கிடைத்தன. எல்லாம் உங்கள் கையெழுத்து. எல்லாம் அந்த மே மாதத்து நான்கு நாள். ஒரு வீட்டுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது; ஒரு வீட்டுத் தக்காளிக்குக் குச்சி கட்டியது; ஹாங் தோட்டத்தில் எலுமிச்சைப்புல் நட்டது. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரே வரி: ‘லெங் அனுப்பியதாகச் சொன்னேன்.’

அவன் எண் கிடைக்காமல் மையத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டவர்களிடம் எல்லாம் நீங்களே போயிருக்கிறீர்கள். அகதி முகாமில் வளர்ந்து, வந்த இடத்தில் தட்டச்சு கற்று, நாற்றுக்கும் களைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது என்று வாய்கூசாமல் சொல்கிற நீங்கள், அந்த வெயிலில் அலுவலகச் செருப்போடு வயலில் இறங்கியிருக்கிறீர்கள். அந்த வாரம் முட்டி ஏன் வீங்கியிருக்கிறது என்று நாங்கள் கேட்டதற்கு, மையத்துப் படிக்கட்டு சரியில்லை என்றீர்கள். நம்பி, நிதி திரட்டி, படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டோம். இன்றுவரை நீங்கள் அதைப் பிடித்து ஏறவும் இல்லை.

லெங் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நேராக சாய்சுவா ஹாங்கின் வீட்டுக்குப் போனான். பெரியவருக்கு இப்போது எண்பத்து மூன்று. அந்த வருடம் நான் நான்கு நாள் வரவில்லை, உங்களை ஏமாற்றிவிட்டோம், பெரியப்பா என்று சொல்லி முன்னால் மண்டியிட்டான். அவர் சீட்டை வாங்கிப் பார்க்கவே இல்லையாம்.

“தெரியும்டா. நான் இல்லாதப்ப வந்து நட்ட அந்த எலுமிச்சைப்புல் வரிசை பாம்பு போன மாதிரி இருந்துச்சு, பக்கத்துல பொம்பளைச் செருப்புத் தடம். நீ நட்டா நேரா இருக்கும். ஒரு பொம்பளை உனக்காக வந்து குனிஞ்சிருக்கா. அதைப் போய்ச் சபையில சொல்லிக் கெடுப்பேனா?”

அதனால்தான் அன்று சபையில் அவர் லெங் வந்தான் என்று சொல்லவில்லை. ஆள் வந்தது என்றார். பொய் சொல்லாத மனிதர் பொய் சொல்லாமலே உங்கள் பொய்யைக் காப்பாற்றினார். லெங் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். இதைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். அதற்கும் வாக்கெடுப்பு வைத்தோம்.

அன்பே உருவானவரே, அசகாயப் பொய்க்காரியே! முட்டி வலி தீர்ந்து, மூச்சு இளைக்காமல், பேரன் பேத்திகள் திருமண மேசையில் நீங்கள் குரல் உயர்த்திப் பேரம் பேசும் நாள்வரை, அதற்கும் பல ஆண்டுகள் அப்பால்வரை நலமோடு இருங்கள். உங்கள் வீட்டுக் காலை நேரங்களில் எந்தப் படிவமும் வராதிருக்கட்டும்.

இந்தச் சட்டத்தின் உச்சியில், நம் எழுத்தில், பெரிதாக ஒரு சொல் பொறித்திருக்கிறோம். ‘எங்களை வழிநடத்தியவர்’ என்று எழுதத்தான் கடைக்காரரிடம் கொடுத்தோம். லெங் போய்க் கடைசி எழுத்தை ஜியாக மாற்றச் சொல்லிவிட்டு வந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் பிழை என்று சுட்டிக்காட்டுவார்கள். காட்டட்டும், திருத்தாதீர்கள். எங்களை நட்டவர் நீங்கள்தான்.

காலடியில் இருக்கும் தொட்டி, சாய்சுவா ஹாங் தன் கையால் பிரித்துக் கொடுத்தனுப்பிய எலுமிச்சைப்புல். அந்தக் கோணல் வரிசையை அவர் இத்தனை வருடமும் மாற்றி நடவே இல்லையாம்.

சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பதினேழு எண்கள் இருக்கின்றன, மேடையில் வென்ற பதினேழு பேருடையவை. முதலில் இருப்பது லெங்கின் எண். அந்த மே மாதத்துக்குப் பிறகு அது ஒரு நாளும் அணைந்ததில்லை. இருபத்தேழு வருடத்தில் நீங்கள் யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை, முட்டிக்கு மருந்து வாங்கக்கூட. இனிமேல் கூப்பிடுங்கள், பெரியம்மா.

ஆள் வரும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
மையத்தின் பணியாளர்கள் ஒன்பது பேர்;
வாக்கெடுப்பில் தோற்ற லெங் வூ