நெய்னார் நானாவுக்கு முன்கூட்டியே ஓர் அஞ்சலி

உங்கள் பிளேன்டித் தேநீர் நன்றாக இருக்கிறது, அன்ரனிப்பிள்ளை சேர். இஞ்சியை அளவாகத் தட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

பொலிஸ் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். 'நூர்தீன் என்பவர் பத்திரிகைக்கு எழுதுபவர்' என்று போட்டிருக்கிறீர்கள். லொத்தர்ச் சீட்டு முடிவையும்தான் பத்திரிகைக்கு எழுதுகிறார்கள். 'கலை இலக்கியப் பத்தியாளர், நூலாசிரியர்' என்று மாற்றுங்கள். இந்தக் கற்பிட்டிக் கரையில் ஒருவன் கவிதை எழுதினாலும் நாடகம் போட்டாலும் அதை ஊரறியச் செய்தவன் நான்தான்.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தவை அஞ்சலிக் கட்டுரைகள். எங்கள் ஆட்களில் ஒருவர் காலையில் மவுத்தானால் அஸர் தொழுகைக்குள் ஜனாஸாவை அடக்கிவிடுவார்கள். பத்திரிகைக்காரனுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆகவே ஒரு கவிஞருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டால் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவேன். இதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நாளைய அப்பத்துக்கு இன்றைக்கே அரிசி ஊறப்போடுவதில்லையா, அப்படித்தான்.

நெய்னார் நானா தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்த கவிஞர். படகில் போகவேண்டிய உச்சமுனையில் மகள் ஸுஹைராவோடு இருந்தார். போன வருடம் சீனி வருத்தம் முற்றி, காலில் புண் வைத்து, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். டொக்டர் கையை விரித்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து உடனே எழுதினேன். அழுதழுது எழுதினேன், அது பொய்யில்லை. நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. 'எந்தப் பதவிக் கதிரைக்கு முன்னாலும் வளையாத பேனா' என்று அவரைப் பற்றி அதில் ஒரு வரி வரும். அப்போது என் அஞ்சலிகளின் தொகுப்பு அச்சகத்தில் இருந்தது. அதையே கடைசி அத்தியாயமாகச் சேர்க்கச் சொன்னேன். அச்சடித்தும் விட்டார்கள்.

அவர் எழும்பிவிட்டார், சேர்.

அல்ஹம்துலில்லாஹ் என்று மனதாரத்தான் சொன்னேன். புத்தகத்தை என்ன செய்வது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. வெளியீட்டு விழாவைத் தள்ளிவைத்தேன். புத்தகங்கள் கட்டுக்கட்டாக முன்னறையில் கிடந்தன. என் மனைவி அஸ்ரியா அவற்றின்மேல் உடுப்பு மடித்துவைக்கத் தொடங்கினாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எழும்பி வந்தவர் பழைய மனிதர் இல்லை. நுரைச்சோலையில் ஓர் அரசியல்வாதிக்கு வரவேற்பு. அதற்கு வாழ்த்துப்பா எழுதித் தர ஒப்புக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படகு பிடித்துப் போய்க் கேட்டேன்.

"என்ன நானா, அவனுக்கா கவி பாடப்போறீங்க? வெக்கமில்லையா?"

"புள்ளைக்கு ஒரு வேல எடுத்துத் தாறேண்டு சொல்லீக்கான் நூர்தீன். நான் மவுத்தாப் போனா அவளுக்கு ஆரு ஈக்கா? ரோசத்தத் திண்டு சீவிக்கேலுமா?" என்றவர், சிரித்தார். "இத ஒங்கட பேப்பர்ல போட்டுடாதீங்க."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய இன்சுலின் என் வீட்டுப் பிரிஜில் இருக்கும். உச்சமுனையில் சூரிய மின்சாரம் பல்புக்கும் போனுக்கும்தான் காணும், பிரிஜுக்குப் போதாது. கிளினிக்கில் மருந்தை எடுத்துவந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஐஸ் பெட்டியில் போட்டு படகோட்டி றிஸ்கானிடம் கொடுத்தனுப்புவேன். நானாக விரும்பி ஏற்ற வேலை அது. அதற்காக ஸுஹைரா என்னைத் தொழுது கேட்கும் துஆவில் சேர்த்துக்கொள்வாள்.

அடுத்தமுறை றிஸ்கான் வந்தபோது வெறுங்கையோடு அனுப்பினேன். ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை, கடைகளிலும் இல்லை, கொழும்புக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த நாடுதானே இது. அவன் மறுகேள்வி கேட்கவில்லை.

ஸுஹைரா எனக்குப் போன் எடுத்தாள். "சாச்சா, வாப்பா தண்ணி தண்ணியாக் குடிக்கிறாரு. மருந்து எப்ப வரும்?"

"நாளைக்கு வரும் மகள். பயப்புடாதீங்க."

மறுநாளும் எடுத்தாள். மறுநாளும் அதையே சொன்னேன். அவள் மனம் நோகும்படி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் அழுதுகொண்டே எடுத்தாள்.

"என்னையே ஆருண்டு கேக்கிறாரு சாச்சா. நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறன்."

"இந்தக் கச்சான் காத்துலயா? கடல் கொந்தளிக்குது, வாணாம் மகள். மருந்து வழியில வருது."

பாவம், என் பேச்சைக் கேட்டு இன்னும் ஒருநாள் பார்த்திருந்தாள். அதன் பிறகுதான் ஏற்றிக்கொண்டு வந்தாள். கற்பிட்டி இறங்குதுறைக்கு வரும் முன்பே படகில் முடிந்துவிட்டது. ஜனாஸாவைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அஞ்சலி முழுப்பக்கம் வந்தது. வெளியீட்டு விழாவுக்குப் புத்தளத்தில் மண்டபம் நிறைந்தது. முதற்பிரதியை ஸுஹைராவுக்குக் கொடுத்தேன். மேடையிலேயே அதை நெஞ்சோடு அணைத்து அழுதாள்.

விழா முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தண்ணீர் எடுக்கப் பிரிஜைத் திறந்தாள். மருந்து அங்கேதான் இருந்தது. ஏன் வீசவில்லை என்று கேட்டீர்கள். தட்டுப்பாடான காலத்தில் மருந்தை வீணாக்க மனம் வரவில்லை, சேர்.

"சாச்சா, இதுல வாப்பாட பேருதானே ஈக்கு?"

"ஓம் மகள்," என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டாள். வாழ்த்துப்பாவைப் பற்றிச் சொன்னேன். உங்கள் வாப்பாவின் பெயரைக் காப்பாற்றத்தான் என்றேன்.

"அந்த வேலைய அண்டைக்கே வாணாண்டுட்டாரே சாச்சா. நீங்க வந்து பேசிட்டுப் போனதும் அவனுக்குப் போன் எடுத்து, பாடமாட்டேண்டு சொன்னாரு. நூர்தீன் சொன்னாச் சரியாத்தான் ஈக்குமுண்டாரு."

ஓம், அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் அதைச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டீர்களே, அதையும் எழுதுங்கள். பெரிய நிம்மதியாக இருந்தது, சேர். என் புத்தகத்தில் ஒரு சொல்லும் பிழையில்லை.