துவக்க மருந்து

— உம்மாணை, நாப்பது கூடிப்போச்சு நாயகி. அரைவாசியைத் திருப்பி உந்த மருந்துக் குப்பிக்குள்ளை கொட்டும்.

— இஞ்சருங்கோ, பென்ட் சொன்ன அளவை நான் அப்பிடியே அளந்து வைச்சிருக்கிறன். அளவுக் குழாயிலை நாப்பது கிரெய்ன் வெடிமருந்து, கோடு தப்பேல்லை. அந்த மனுசன்தான் இந்தத் துவக்குச் சூட்டுக் கழகத்துக்கே பொறுப்பு. அவருக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியப்போகுது?

— பென்ட் என்ன சொன்னவன்? புதுத் துவக்குக்கு ஆருக்கும் அளவு தெரியாது. அம்பதிலை துவங்கலாம், பயமெண்டால் நாப்பதிலை துவங்கலாம். பிறகு அஞ்சஞ்சாக் கூட்டிக்கொண்டு போய், எந்த அளவிலை குண்டெல்லாம் ஒரே இடத்திலை விழுகுதோ அதுதான் உந்தத் துவக்கின்ர மருந்து. சரி. பயமெண்டால் நாப்பது. என்னை மாதிரிப் பெரும் பயமெண்டால் எவ்வளவு? அதை அவன் சொல்லேல்லையே!

— மெல்லக் கதையுங்கோ. இங்கர் அங்காலை கதிரையிலை இருக்கிறா.

— அவவுக்கென்ன, தமிழ் விளங்கப் போகுதோ?

— உங்கட முகம் விளங்கும். புருசன் செத்து ஒரு மாசம்தான் ஆகுது அந்த மனுசிக்கு. குனூட் குளிர்காலம் முழுக்கக் கராஜுக்குள்ளை இருந்து ராவி ராவிச் செய்த துவக்கு. ஒரு வெடி வைச்சுப் பாக்க அவருக்குக் குடுத்துவைக்கேல்லை. முதல் வெடியைப் பாலா வைக்கட்டும் எண்டு உங்கட பேரை ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவர். அதைப் பாக்கத்தான் அவ வந்திருக்கிறா. நீங்கள் நிண்டு மருந்துக்குப் பேரம் பேசுறீங்கள்.

— நான் பேசேல்லையப்பா. என்ர முழங்கால் பேசுது.

— நேற்று உங்கட அக்காவோடை ரெலிபோனிலை கதைச்சதும் முழங்காலோ? நாளைக்கு முதல் மருந்து, எவ்வளவு போடுறது எண்டு யோசினையாக் கிடக்கு எண்டு சொல்லியிருக்கிறீங்கள். தங்கமலர் அக்கா உங்களுக்கு ஏதோ பெரிய வருத்தம் எண்டு பதறி, எஸ்பியர்க்கிலையிருந்து கார் பிடிச்சு வந்து கோயிலிலை அருச்சனை செய்விச்சிருக்கிறா.

— சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல வேலை. இண்டைக்கு எனக்கு அந்த அருச்சனை தேவை. வாயாலை மருந்து குடிக்கிற துவக்கு இது, நாயகி. டொக்டரும் பிரஷருக்கு எனக்கு அரைக் குளிசையிலைதானே துவங்கினவ? உந்தத் துவக்குக்கும் அரைக் குளிசை குடும். இருபது.

— இருபது போட்டால் குண்டு பாதி வழியிலை இறங்கி நடந்துதான் போகும். கதையை விடுங்கோ. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இண்டைக்கு இந்தக் கரைச்சல் இல்லை. ஆர் சொல்லச் சொன்னது, வன்னிக் காட்டிலை இடியன் துவக்காலை காட்டுப்பண்டி சுட்டனான் எண்டு?

— நான் சொல்லேல்லை. இவங்கட டேனிஷ் பாசை சொன்னது.

— துவங்கிட்டார்.

— கேளுமப்பா. தொழிற்சாலையிலை எனக்கு முதல் கிழமை. பேரைக் கேட்டாங்கள், பாலா எண்டன். இவங்கட பாசையிலை அது பின்பக்கம் மாதிரிக் கேட்டிருக்கு. முழு லைனும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சுது. சிரிக்காதவன் குனூட் ஒருத்தன்தான். சாப்பாட்டு நேரம் பக்கத்திலை வந்திருந்து, உனக்குச் சுடத் தெரியுமோ எண்டு கேட்டவன். இவங்கட நாக்கிலை சுடுறதும் அலசுறதும் என்ர காதுக்கு ஒண்டுதான். அதுக்கு முதல் நான் றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினவன்தானே? அலசத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறான் எண்டு நினைச்சிட்டன். யா யா, அதிலை என்னை வெல்ல ஆள் இல்லை எண்டன். எவ்வளவு பெரிசு எண்டு கேட்டான். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி, இப்பிடிச் சுத்திச் சுத்தித் தேய்ச்சும் காட்டினன். கோயில் அன்னதானக் கிடாரம் அவ்வளவு பெரிசுதானே!

— அவர் அதைப் பண்டி எண்டு நினைச்சிட்டார்.

— பண்டி பிறகுதான் வந்தது. என்ன கேட்டவன் எண்டு எனக்கு விளங்கவே கன மாசம் எடுத்தது. அதுக்குள்ளை அவன் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிப்போட்டான், இந்தா நிக்கிறான் பெரிய வேட்டைக்காரன் எண்டு. அவ்வளவு பெரிய மிருகம் என்ன மிருகம் எண்டு ஒவ்வொருத்தனா வந்து கேக்க, கிடாரம் எண்டே சொல்லுறது?

— அதோடை விட்டிருக்கலாமே. பண்டி செத்து முப்பது வருசமாகியும் இன்னும் கொழுத்துக்கொண்டெல்லோ போகுது. போன முறைக் கழக விருந்திலை நான் காதாலை கேட்டனான், அதின்ர பல்லு உங்கட முழங்கை நீளமாம். அது பண்டியோ, ஆனையோ?

— அவங்கள் வாயைப் பிளந்து கேக்கேக்கை எனக்கு நிப்பாட்ட மனம் வருகுதில்லை. என்னை அப்பிடி ஒருத்தரும் ஒருநாளும் கேட்டதில்லை, நாயகி. பிளேனேறி இஞ்சை வந்து பனியிலை விழுந்தெழும்பினதை ஆர் கேட்டவன்? பண்டியைத்தான் கேட்டாங்கள்.

— உண்மையைச் சொல்லுங்கோ, இடியனை நீங்கள் கண்ணாலை எண்டாலும் கண்டிருக்கிறீங்களோ?

— என்ன இப்பிடிக் கேக்கிறீர்? பக்கத்து வளவு மனுசன் ஒருக்கா குரங்குக்கு வெடி வைச்சவர். நான் பறந்தடிச்சுக்கொண்டு ஓடிப்போய்க் கோழிக்கூட்டுக்குள்ளை பூந்திட்டன். பின்னேரம் அம்மா முட்டை எடுக்க வந்து என்னை எடுத்தவ.

— முருகா.

— சிரியும், சிரியும். துவக்கோடை வந்து கூப்பிட்டவை ஒருத்தரோடையும் போகாமல், துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டே ஓடி வந்தவன் நான். இஞ்சை வந்து, ஒருத்தரும் கூப்பிடாமல், மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, வலியப் போய்த் துவக்குக்குப் பக்கத்திலை நிக்கிறன். இந்த மூளையையும் நம்பி எனக்கு விசாக் குடுத்தாங்கள் பாரும்.

— வருசப்பிறப்புக்கு இவங்கள் வாணம் விடேக்கை உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ளை மெசினைப் போட்டுவிட்டு அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறவர் நீங்கள். வெறும் மெசின். உள்ளுக்கை ஒரு சொக்ஸ்கூட இல்லை.

— ஒரு சோடி இருந்தது.

— இருந்தது, இருந்தது. பகிடியை விட்டிட்டு ஒருக்கா என்னைப் பாருங்கோ. ஏலாதெண்டால் ஏலாதெண்டு இங்கரிட்டைச் சொல்லுவம். பென்ட் சுடட்டும். இதிலை என்ன வெக்கம்?

— அதுதான் ஏலாது. குனூட் என்னட்டை ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. முதல் கார் வாங்கேக்கை அவன்தான் வந்தவன். மகள் துவாரகா பிறந்த அண்டைக்குப் பனிக்குள்ளாலை உம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன். கேட்டது இது ஒண்டுதான். சத்தத்துக்கு எனக்குப் பயம், ஓம். அதைவிடப் பயம், சத்தம் கேட்டவுடனை நான் என்ன செய்வன் எண்டது. துவக்கை எறிஞ்சுபோட்டு மேசைக்குக் கீழை பூந்திட்டன் எண்டால்? இத்தினை பேரும் பாத்துக்கொண்டு நிக்கினம். குனூட் இவ்வளவு காலமும் ஒரு பொய்க்காரனை நம்பிக் கோப்பி குடிச்சிருக்கிறான் எண்டு இங்கருக்குத் தெரிஞ்சுபோகும். செத்தவனை நான் பேயனாக்கிப்போடுவன், நாயகி. அவனுக்குத் திருப்பிச் சொல்லவும் வாயில்லை.

— அழாதேங்கோ.

— ஆர் அழுதது? காத்து.

— பொறுங்கோ, இங்கர் கூப்பிடுறா. என்னெண்டு கேட்டுட்டு வாறன்.

— கெதியா வாரும். உந்தப் பென்ட் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான்… என்னவாம்? இவ்வளவு நேரமும் என்ன காதுக்குள்ளை குசுகுசுத்தவ?

— ஒண்டுமில்லை. இது குனூட்டின்ர காதுமூடியாம். நீங்கள்தான் போடவேணுமாம்.

— தாரும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல இறுக்கம். சரி, மருந்துக்கு வருவம். முப்பது.

— சரி, முப்பது.

— இருபத்தைஞ்செண்டால்?

— சரி, இருபத்தைஞ்சு.

— இருபது?

— உங்கட விருப்பம்.

— என்ன நீர் எல்லாத்துக்கும் ஓமெண்டுறீர்? கலியாணம் கட்டின நாளிலையிருந்து இப்பிடி நடக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு.

— நேரம் போகுது. குழாயை நான் கவுக்கட்டோ, நீங்கள் கவுக்கிறீங்களோ?

— நீரே கவுத்துவிடும். நான் அங்காலை பாக்கிறன். டொக்டர் ஊசி போடேக்கையும் நான் சுவரைத்தானே பாக்கிறனான்.

— ஆச்சு.

— சத்தமே கேக்கேல்லை?

— காதிலை மூடி. இந்தாங்கோ, எண்ணெய்ச் சீலைத்துண்டு. அதுக்கு மேலை ஈயக்குண்டை வைச்சு, தடியாலை அடிமட்டும் இடியுங்கோ.

— இடிக்கிறதாலைதான் ஊரிலை இதுக்கு இடியன் எண்டு பேர் வைச்சவை. பாத்தீரே, எனக்கும் ஏதோ தெரியுது. என்ன, வழக்கத்தைவிடக் கீழை போறமாதிரிக் கிடக்கு?

— உங்களுக்கு எது வழக்கம்?

— அதுவும் சரிதான்.

— இப்ப தொப்பி. மருந்துக்கு நெருப்பு வைக்கிற அந்தச் சின்னச் செப்பு மூடி. துவக்கின்ர குதிரைக்குக் கீழை வையுங்கோ. மெல்ல. ஓம். இனி மேசையிலை சாத்தி வைச்சுப் பிடியுங்கோ.

— கண்ணைத் திறந்துகொண்டிருக்க வேணுமோ?

— ஒரு கண்ணையெண்டாலும்.

— நாயகி.

— என்ன?

— பூந்திட்டன் எண்டால், நீர் எனக்கு முன்னாலை நிண்டு சீலைத் தலைப்பாலை மறைச்சுப்போடும்.

— ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நிக்கிறன். சுடுங்கோப்பா.

— டேய் குனூட், எல்லாம் உன்னாலைதானடா… நாயகி! நிக்கிறன்! பாத்தீரே, நிக்கிறன்! மேசைக்குக் கீழை பூரேல்லை! துவக்கும் கையிலை கிடக்கு!

— கண்டனான், கண்டனான்.

— உதைக்கவே இல்லை! ஒரு டப், அவ்வளவுதான். இதுக்கே முப்பது வருசம் பயந்தனான்? இருபது சரியான அளவு, பென்ட்டுக்குச் சொல்லும். எங்கை பட்டது? நடுவிலையோ?

— காதுமூடியைக் கழட்டுங்கோ.

— பக்கத்திலை பட்டாலும் பரவாயில்லை.

— கழட்டுங்கோ எண்டுறன். குண்டு ஒரு இடமும் படேல்லை. உள்ளுக்குள்ளைதான் கிடக்கு. வெடிச்சது தொப்பி மட்டும்.

— மருந்து?

— நான் மருந்து ஊத்தேல்லை.

— நீர்… நாயகி! இத்தினை பேருக்கு முன்னாலை என்னைப் பேய்க்காட்டிப்போட்டீரே? இங்கர் பாத்துக்கொண்டிருக்க?

— இங்கர்தான் ஊத்தவேண்டாம் எண்டு சொன்னவ. அதுக்குத்தான் கூப்பிட்டவ.

— அவவுக்கேன் என்னோடை பகிடி?

— அவவின்ர பகிடியில்லை. குனூட் சொல்லிவிட்டவராம். முதல் வெடியைப் பாலா வைக்கட்டும், ஆனால் பாலாவுக்குத் துவக்க மருந்து பூச்சியம் எண்டு. தொப்பி வெடிச்சும் அவன் ஓடாமல் நிண்டிட்டான் எண்டால் பிறகு கூட்டுங்கோ எண்டு. பென்ட்டுக்கும் தெரியும்.

— அவனுக்கு எப்பிடி… நான் பயந்தனான் எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?

— இஞ்சை ஒவ்வொரு வெடிக்கும் துள்ளி, கோப்பியை அவரின்ர சப்பாத்திலை ஊத்தினது ஆர்? நானோ?

— அப்ப… பண்டி?

— பண்டி இல்லையெண்டு முதல் நாளே தெரியுமாம்.

— விசர்க் கதை. அவன்தானே தொழிற்சாலை முழுக்கச் சொன்னவன்.

— அண்டைக்கு வேலையாலை வந்து இங்கருக்குச் சொன்னவராம். புதுசா ஒரு பெடியன் வந்திருக்கிறான், சுடுவியோ எண்டு கேட்டன், சட்டி தேய்ச்சுக் காட்டுறான் எண்டு. வேணுமெண்டுதான் வேட்டைக்காரன் எண்டு சொல்லித் திரிஞ்சவராம். உங்கட பேரைச் சொல்லிச் சிரிச்ச வாயெல்லாம் மூடட்டும் எண்டு.

— அப்ப விருந்திலை நான் அளந்த கதையெல்லாம்?

— ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் வீட்டை போய், பண்டி இந்த முறை எவ்வளவு வளந்திருக்கு எண்டு கையை விரிச்சுக் காட்டுவாராம். இங்கர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அங்கை பாருங்கோ, கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கிறா.

— கள்ளன். முப்பது வருசம் என்ர முகத்தைப் பாத்து, பிறகு என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது எண்டு கேட்டுக்கொண்டிருந்த கள்ளன்.

— பென்ட் காத்துப் பம்பியோடை வாறார், குண்டை வெளியிலை தள்ள. முதல் வெடி உங்கட கணக்கிலை வைச்சாச்சாம். ஒரு குறையும் இல்லை. வீட்டை போவமே?

— அளவுக் குழாயை எடும்.

— என்னத்துக்கு? சரி, அஞ்சஞ்சாத்தானே கூட்டச் சொன்னவர். அஞ்சிலை துவங்கட்டோ?

— நாப்பது போடும், நாயகி. அந்தக் கள்ளனுக்குக் கேக்க வேணும்.