மைத்துனனின் வலது காது

சும்மா சொல்லக்கூடாது, என் மைத்துனன் முணுமுணுத்தால் தாலாட்டுகூடச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் என் ஆராய்ச்சிக்கு அவனைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க மாட்டான்.

உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைக் கழுத்தில் வைத்து, பாட்டை மெல்லிய மின்சாரமாக மாற்றித் தோல் வழியே அனுப்புவேன். அறையில் சத்தமே இருக்காது. பஞ்சு வைத்தவருக்கு மட்டும் பாட்டு கேட்கும். மைத்துனன் தையல்காரன். இடது காது பிறவியிலிருந்தே கேட்காது, வலது காதில் பாதிதான். முதல் நாளே பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான். அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க எனக்குத்தான் நேரமானது.

"மாமா, இதுல என் பொண்ணு குரலப் போடுவீங்களா? இப்பத்தான் அப்பான்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கா. காதுகிட்ட வந்து கத்தினாத்தான் கேக்குது" என்றான்.

"கண்டிப்பாப் போடலாம் மச்சான்" என்றேன்.

எங்கள் துறைத்தலைவர் முட்டுக்கட்டை போடுவதில் கைதேர்ந்தவர். "மின்சாரத்துல தோல் அதிருது. அந்த அதிர்வத்தான் மிச்சமிருக்கிற காது கேக்குது. ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காத ஆள வெச்சுக் காட்டுங்க" என்றார்.

அப்படி இருவரை அழைத்து வந்தேன். கழுத்தில் குறுகுறுக்கிறது என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் மனம் தளரவில்லை. பிறந்ததிலிருந்து எதையும் கேட்காதவர்களுக்கு, சத்தம் வந்தால் அதுதான் சத்தம் என்று எப்படித் தெரியும்? முன்பு கேட்டவராக இருக்கவேண்டும். இப்போது துளியும் கேட்கக்கூடாது. அப்படிப்பட்டவரை எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தால், ஆள் வீட்டிலேயே இருந்தான்.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் பாட்டில் என்னுடையதுதான். காதுக்குள் சீழ் கட்டியிருக்கிறது, இது மருந்து என்று சொல்லித் தினமும் நானே சொட்டு விட்டேன். தலையைச் சாய்த்துக்கொண்டு சமர்த்தாக இருப்பான். தலை சுற்றுகிறது என்றபோது கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். கூடப்பிறந்தவனுக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள். மூன்றாம் வாரம் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கீழே போட்டேன். திரும்பாமல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. குழந்தையின் குரலைப் பதிவு செய்து, துறைத்தலைவர் முன்னால் பஞ்சுகளை வைத்துப் போட்டேன். 'கேட்கிறதா?' என்று எழுதிய அட்டையைக் காட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண் கலங்கி, "கேக்குது மாமா. அப்பாங்கறா" என்றான். துறைத்தலைவரே எனக்குக் கைகொடுத்தார்.

தம்பியை அழைத்துப்போக வந்த என் மனைவிதான் பார்த்தாள்: பஞ்சுகளின் வயர் கருவியில் செருகப்படாமல் மேஜைமேல் கிடந்தது. அவனிடம் காகிதத்தில் எழுதிக் கேட்டாள்.

"மாமா எனக்காக எவ்வளவு பாடுபடறாரு. அவர் முகத்தப் பாத்து எப்படிக்கா இல்லன்னு சொல்றது?" என்றான்.

அதன் பிறகு வயரைச் செருகியும் போட்டுப் பார்த்தேன். கழுத்தில் குறுகுறுக்கிறது என்றான். மனைவி அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்து உங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

நான் எதையும் மறைக்கவில்லை ஐயா. காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தவறு என்னுடையதுதான், அன்றைக்கு வயரைச் செருக மறந்துவிட்டேன்.