சம்பளம் வாங்காத உறுப்பினர்

முப்பது ஆண்டுகள் பேருந்தில் பயணச்சீட்டுக் கிழித்து, இன்று ஒரே ஒரு முறைப்பில் இந்த மண்டபத்தையே அடக்கி வைத்திருக்கும் அவைத் தலைவர், நடத்துநர் அம்மா அவர்களே! சட்டமன்றத் தேர்தலில் நம் சங்கத்தின் வேட்பாளராக நிற்க முன்வந்து, என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே! அதே ஆசையோடு, ஆனால் அரை மணி நேரமாக நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்து, என் இடப்பக்கம் விரல்களைப் பிசைந்துகொண்டிருக்கும் சலவைப் பிரிவுத் தங்கை அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பகலெல்லாம் பிறர் வீட்டுப் பாரம் சுமந்து, மாலையில் தம் வீட்டுப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நான் நீட்டி முழக்கினால் நைசாக நழுவிவிடலாம் என்று வாசற்படி ஓரமாகவே நின்றுகொண்டிருக்கும் வாலிபத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பத்து நிமிடம்தான் என்று தலைவர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நேரம் தாண்டினால் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். அவர்களுக்கு அது பழக்கம்!

நான் தையற்காரன். இந்த ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கும் சீருடை என் கடையில் தைத்தது. அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைத்தவன் அல்லன் நான். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அளவெடுக்காமல் வெட்டினேன். வெட்டியது துணியை அல்ல. ஒரு மனிதனின் வாழ்க்கையை. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

இன்று நம் முன் நிற்கும் கேள்வி என்ன? மருத்துவரா, சலவைப் பிரிவுத் தங்கையா? இருவருமே முற்போக்கு எண்ணம் கொண்டவர்கள். இருவருமே ஏழை எளியவர் பக்கம் நிற்பவர்கள். பிறகு எதற்கு இந்த இழுபறி? ஒரே ஒரு காகிதத்துக்காக! நம் சங்கத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளராக நிற்பவர் இந்த மேடையில் ஏறி, ஓர் உறுதிமொழியை உரக்கப் படித்து, உங்கள் கண்முன் கையெழுத்துப் போட வேண்டும். "வென்றால் உறுப்பினர் சம்பளம் வாங்க மாட்டேன், ஓய்வு பெற்றால் பென்ஷன் வாங்க மாட்டேன், ஒரு செம்புக்காசும் தொட மாட்டேன்." இதுதான் அந்த உறுதிமொழி. மருத்துவர் கையெழுத்துப் போடத் தயார். தங்கை போன கூட்டத்திலேயே சொல்லிவிட்டது. என்ன சொன்னது?

"அண்ணே, நான் நிக்கிறேன். ஓடி ஓடி உழைக்கிறேன். ஆனா சம்பளம் வாங்கிக்குவேன். எனக்கு ரெண்டு பொண்ணு, படுத்த படுக்கையா மாமியார். சம்பளம் வாங்காம எப்படிண்ணே நான் போய் அங்க உக்கார முடியும்?"

உடனே இந்த மண்டபம் என்ன செய்தது? முணுமுணுத்தது. "இதுவும் ஆரம்பத்துலயே காசு கேக்குதே" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவருக்கு அடுத்த வாரம் என் கடையில் சட்டை தைக்க வேண்டியிருக்கிறது.

அந்த உறுதிமொழியை எழுதியவன் யார்? நான்! பத்து ஆண்டுகளுக்கு முன், தையல் மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கிச் செதுக்கி எழுதினேன். அன்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஒரே முறை வென்றவருக்கும் ஆயுள் முழுக்கப் பென்ஷனா? அவையில் கொட்டாவி விட்டவருக்கும் படியா? கொதித்தோம், குமுறினோம், கொடி பிடித்தோம். கோபத்தில் தப்பில்லை, தோழர்களே. அந்தக் கோபத்தை யார் தலையில் இறக்கினோம் என்பதில்தான் தப்பு இருக்கிறது.

அன்று நாம் நிறுத்திய வேட்பாளர் யார்? பேருந்துப் பட்டறை மெக்கானிக். நீங்கள் எல்லாரும் ஸ்பேனர் என்று செல்லமாகக் கூப்பிடுவீர்களே, அந்தத் தம்பிதான். மேடையேறிப் படித்தான், கையெழுத்துப் போட்டான். நாம் கைதட்டினோம் பாருங்கள், மண்டபமே அதிர்ந்தது. தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். வெற்றியும் பெற்றான். மாநகரத்தில் சட்டமன்றம், இங்கே பட்டறை. சம்பளம் இல்லாத உறுப்பினர், சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? என் வாய்தான் எதற்கும் முந்திக்கொள்ளுமே, நானாவது கேட்டேனா?

கேட்கவில்லை. அவன் பட்டறை வேலையை விடவில்லை. விட முடியாது. மன்றம் கூடும் நாளில் லீவு போடுவான். மற்ற நாளில் பேருந்துக்கு அடியில் படுத்திருப்பான். சட்டம் படிப்பது எப்போது? சாப்பாட்டு இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு பக்கம் புரட்டுவான், ஒரு வாய் சாப்பிடுவான். அந்தச் சட்டப் புத்தகம் முழுக்கக் கிரீஸ் கறை.

மூன்றாம் ஆண்டில் வந்தது அந்த மசோதா. ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கும் மசோதா. மூன்று ஆண்டு வேலை செய்தால் நிரந்தரம் என்று நாம் கேட்டோம். எதிர்த்தரப்பு முடியாது என்றது. நம் தம்பி அறை அறையாக ஏறி இறங்கினான், ஆள் ஆளாகப் பேசினான். கடைசியில் ஐந்து ஆண்டு என்றால் சம்மதம் என்றார்கள் சிலர். தம்பி எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, மூணு கேட்டோம், அஞ்சு தர்றாங்க. ஒத்துக்கலாமா?"

"சமரசம் பண்ணுறதுக்கா உன்ன அனுப்பினோம்?" என்று எகிறினேன்.

"அண்ணே, அஞ்சுன்னாலும் இப்பவே எண்ணூறு பேருக்கு வேல நிரந்தரமாகும்ணே. மூணுன்னு பிடிவாதம் பிடிச்சா ஒருத்தருக்கும் இல்ல. நீங்க வெளிய நின்னு கோஷம் போடுறீங்க. நான் உள்ள உக்காந்து தலைய எண்ணுறேன்."

இரண்டு நாள் யோசித்தேன், சரி என்றேன். விட்டுக்கொடுப்பது வேறு, விலை போவது வேறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அந்தத் தம்பிதான்.

வாக்கெடுப்பு வியாழக்கிழமை என்று அறிவித்திருந்தார்கள். தம்பி வியாழனுக்கு மட்டும் லீவு சொல்லி வைத்திருந்தான். அந்த மாதத்தில் ஏற்கெனவே ஒன்பது நாள் லீவு. இதற்கு மேல் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று பட்டறை முதலாளி சொல்லியிருந்தார். எதிர்த்தரப்புக்கு நம் பக்கம் தலை சேர்ந்தது தெரிந்துவிட்டது. என்ன செய்தார்கள்? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, "இன்றே வாக்கெடுப்பு" என்று அறிவித்தார்கள். மதியம் முடித்தார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம். சமமானால் சபாநாயகர் வாக்குத்தானே முடிவு? அவர் எதிராகப் போட்டார். ஒரே ஒரு வாக்கில் தோற்றோம். அந்த ஒரு வாக்கு எங்கே?

கடையில் டி.வி.யில் பார்த்தேன். இரத்தம் கொதித்தது. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். கன்னத்தில் ஒன்று விடுவது என்ற முடிவோடுதான் போனேன், மறைப்பானேன்? பட்டறையில் வெல்டிங் நடக்கும் இடம் என்பதால் போனை எல்லாம் வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பெட்டியில் ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனேன். ஒரு பேருந்துக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "டேய்!" என்று கத்தினேன். முகமெல்லாம் கரியோடு ஊர்ந்து வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னண்ணே இந்த நேரத்துல? வியாழக்கிழம ஓட்டுக்கு எல்லாம் ரெடி. ஒரு ஆளும் குறையாது."

என் கை இறங்கிவிட்டது. "ஓட்டு முடிஞ்சு போச்சுடா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பேருந்துச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "எத்தன ஓட்டுலண்ணே?"

ஒரு விரலை மட்டும் காட்டினேன்.

மறுநாள் ஊர் என்ன பேசியது? "ஸ்பேனர் விலை போயிட்டான்." டீக்கடையில் பேசினார்கள், பேருந்தில் பேசினார்கள், அவன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூட வாசலில் பேசினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டார்கள். அவன் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்ல வேண்டும்? "சம்பளம் இல்லாததால் வேலைக்குப் போனேன்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் கைதட்டிய கையெழுத்தைக் குறை சொல்வதாகிவிடும் என்று பேசாமல் இருந்தான்.

அவன் பேசவில்லை, சரி. நான் ஏன் பேசவில்லை?

எனக்குத் தெரியும், தோழர்களே! அன்று மாலையே தெரியும். ஏழு ஆண்டுகளாகத் தெரியும்! பட்டறையில் என் கண்ணால் பார்த்தேன். இந்த மேடையில் எத்தனை முறை மைக் பிடித்தேன்? ஒரு முறை, ஒரே ஒரு முறை, "அவன் விலை போகவில்லை" என்று சொன்னேனா? சொன்னால் என் உறுதிமொழி தோற்றுப்போகும் என்று பயந்தேன். என் எழுத்தைக் காப்பாற்ற என் தம்பியைக் கைவிட்டேன். அவன் இன்றும் வந்திருக்கிறான். மேடைக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் வராமல், நாலாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பாருங்கள். பாருங்கள், வெட்கப்படாமல் பாருங்கள். தம்பி, ஊர் அறிய உன்னைத் தலைகுனிய வைத்தேன். ஊர் அறியவே கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள்.

போன தேர்தலில் என்ன ஆயிற்று? உறுதிமொழியில் கையெழுத்துப் போட ஒரு தொழிலாளியும் முன்வரவில்லை. நாம் போட்டியிடவே இல்லை. இந்த முறை மருத்துவர் முன்வந்திருக்கிறார். தங்கமான மனிதர். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது காசு வாங்காமல் பார்த்தவர். ஆனால் அவருக்குச் சொந்தமாக மருத்துவமனை இருக்கிறது. அவர் இடக்கையால்கூடக் கையெழுத்துப் போடலாம். மருத்துவர் ஐயா, நான் சொல்வது தப்பா? பாருங்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்! வசதி உள்ளவர்தான் நிற்க முடியும் என்றால், இதற்குத் தொழிலாளர் சங்கம் என்று பெயர் எதற்கு? ஏழைக்கு இடம் கேட்டுப் போராடிய நாமே, ஏழை ஏற முடியாத உயரத்தில் படிக்கட்டைக் கட்டிவிட்டோமே!

என்ன, பின்னால் யாரோ கேட்கிறீர்கள்? "அப்போ பென்ஷனும் வாங்குவாங்களா?" நல்ல கேள்வி. மழுப்ப மாட்டேன். ஒரு முறை வென்றதற்காகச் சாகும் வரை முழுப் பென்ஷனா? எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அதற்காக நம் ஆள் முதுமையில் பட்டினி கிடக்க வேண்டுமா? நான் சொல்வது ஒரு சமரசம். உழைத்த ஆண்டுக்கு ஏற்ற பென்ஷன், ஒரு பேருந்து ஓட்டுநருக்கு என்ன விதியோ அதே விதி. அதற்குச் சட்டத்தை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமானால் உள்ளே ஒருவர் உட்கார வேண்டும். உட்கார வேண்டுமானால் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இதில் எங்கே பேராசை இருக்கிறது, சொல்லுங்கள்!

இந்தத் தங்கை யார் தெரியுமா? மருத்துவமனைச் சலவைப் பிரிவில், கொதிக்கும் நீராவி நடுவே, பன்னிரண்டு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. அன்று அந்த மசோதா வென்றிருந்தால் நிரந்தரமாகியிருக்க வேண்டிய எண்ணூறு பேரில் இதுவும் ஒன்று. அந்த மசோதாவை மறுபடி தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறது. இதையும் சலவைக் கூடத்துக்கும் மன்றத்துக்கும் நடுவே ஓட விடப் போகிறோமா? இதையும் வாக்கெடுப்பு நாளில் சலவைக் கூடத்தில் நிற்க வைக்கப் போகிறோமா? நிற்க வைத்துவிட்டு, மறுநாள் விலை போனது என்று பேசப் போகிறோமா? போதும், தோழர்களே! ஒரு மனிதனைத் தின்றது போதும்!

ஆகவே, தலைவர் அம்மா, பத்து ஆண்டுகளுக்கு முன் நான் கொண்டுவந்த அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்று நானே முன்மொழிகிறேன். வழிமொழிய யாராவது...

என்ன தம்பி, எழுந்துவிட்டாயா? மைக்கைக் கொடுங்கள் அவனிடம். வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல். அமைதி, அமைதி, அவன் சொல்வது கேட்கட்டும்!

கேட்டீர்களா? வாசலில் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "நான் வழிமொழியுறேன்ணே. அந்தப் பொண்ணு ஓட்டுப் போடப் போகட்டும்" என்கிறான்.

இதற்கு மேல் நான் என்ன பேச? பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பாதியில் எழுந்து போகாத இளையோர்களுக்கும், மணி அடிக்காமல் விட்ட தலைவர் அம்மாவுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி வணங்கி விடைபெறுகிறேன். அம்மா, வாக்கெடுப்பைத் தொடங்குங்கள். இந்த முறை எல்லாரும் இங்கேயே இருக்கிறோம்.