சேற்றோடு இருக்கட்டும்

— பிரஷ்ஷக் கீழ வைங்க மாமா. சேறு அப்படியே இருக்கட்டும்.

— தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. இப்படி இருக்கட்டும் இருக்கட்டும்னு விட்டுத்தான் என் பொண்ணு போய்ச் சேந்தா.

— வைங்க மாமா.

— வச்சுட்டேன். போதுமா? ஒன்றரை மாசம் ஆச்சு. போலீஸ்காரங்க கொண்டாந்து இறக்கின மாதிரியே சைக்கிள் ஷெட்டுல சாஞ்சு கெடக்கு. மேல ஒரு பழைய துணி போத்தினீங்களா? ஹேண்டில்ல சிலந்தி வலை. சங்கிலி செங்கல் நெறத்துல நிக்குது. நேத்து ஊர்லேருந்து வந்து எறங்கினதும் பாத்தேன், எனக்கு சோறு எறங்கல.

— அது அவ கடைசியா போன வழியில ஒட்டின சேறு மாமா.

— சேத்துல என்ன இருக்கு, அவ கைரேகையா? தப்பா எடுத்துக்காதீங்க, பல் செட்டு செய்யற லேப்ல வேலை பாக்கறீங்க. வர்ற பல்லுல ஒட்டியிருக்கற காறையக் கூட ஞாபகார்த்தமா டப்பால போட்டு வச்சுக்குவீங்களா? ஊர்ல உள்ளவன் பல்லெல்லாம் பளபளன்னு இருக்கணும், பொண்டாட்டி சைக்கிள் மட்டும் எருமை மாதிரி சேத்தோட நிக்கணும்.

— அவளே கழுவமாட்டா மாமா.

— எதச் சொன்னாலும் அவ மேலயே போடுங்க. எழுந்து வந்து இல்லைன்னு சொல்லவா போறா?

— நெஜமாத்தான் சொல்றேன். மழையோ குளிரோ, ஞாயித்துக்கிழமை ஆனா மலைக்குப் போவா, கழுத்து வரைக்கும் சேத்தோட வருவா. வண்டிய சுவத்துல சாய்ப்பா. காஞ்சா தட்டினதும் உதிரும், விடுன்னுவா. பைப்ப வச்சு பீச்சினா தண்ணி சக்கரத்துக்குள்ள பூந்து கிரீஸையெல்லாம் கழுவிட்டுப் போயிடுமாம். சங்கிலிய மட்டும் ஒரு தடவை தொடைப்பா. அவ்வளவுதான்.

— என் வீட்ல இருந்த வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்தா செருப்பத் தொடைச்சுட்டுத்தான் உள்ள வருவா. உங்க வீட்டுக்கு வந்துதான் சேறு தானா உதிரும்னு கத்துக்கிட்டா. சோம்பேறிக்கு வாக்கப்பட்டா சோம்பலும் சீதனம்.

— இருக்கட்டும் மாமா.

— பாத்தீங்களா, மறுபடியும் இருக்கட்டும்.

— வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

— பாப்பா போறதுக்கு முன்னாடி பத்து நாள் இங்க தங்கினேனே, நான் தச்ச திரைச்சீலை ஒரு விரல் குட்டைன்னு சொன்னீங்களே, அப்ப மட்டும் வாய் நல்லா இருந்துச்சு. முப்பத்தாறு வருஷம் தையக்கடை வச்சவன். என் அளவுல ஒரு விரல் குறையுதாம்.

— குறைஞ்சுது. அதச் சொன்னேன். அதுக்கு நீங்க ரெண்டு நாள் சாப்பிடல.

— மானஸ்தன் சாப்பிடமாட்டான்.

— அவ சமையலறையில நின்னு அழுதா. அப்பா ஊருக்குப் போற வரைக்கும் அவர் என்ன செஞ்சாலும் நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினா.

— அதான் என் பொண்ணு. அப்பனை ஒரு வார்த்தை சொல்லமாட்டா, சொல்லவும் விடமாட்டா. உங்களத்தான் வறுத்தெடுப்பா. கேட்டிருக்கேன், பக்கத்து ரூம்லதானே படுத்திருந்தேன். துண்டக் காயப்போடலையான்னு, பால் பாக்கெட்டு எங்கன்னு. வயசான காலத்துல எனக்கு அது ரேடியோ கேக்கற மாதிரி.

— தெரியும் மாமா. நீங்க சிரிக்கறதும் இந்தப் பக்கம் கேக்கும்.

— கேட்டா கேக்கட்டும். சரி, மணி பத்தாகுது. மெக்கானிக் வர்ற நேரம்.

— அவரை எதுக்குக் கூப்பிட்டீங்க?

— பாப்பா சைக்கிள எப்பவும் பாக்கற ஆள் அவர்தானே? இன்னிக்கு அவர் கையாலேயே பிரிச்சுப் பாத்துச் சொல்லட்டும். சேத்துல வழுக்கி விழுந்துட்டான்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்லி மூடிட்டாங்க. வழுக்கறதுக்கு அவ என்ன நேத்து கத்துக்கிட்டவளா? பின்னாடியே வந்த சிநேகிதப் பொண்ணு என்கிட்ட சொன்னா. கல் வளைவுல பாப்பா ரெண்டு கையாலயும் பிரேக்க இறுக்கிப் பிடிச்சிருந்தாளாம். அப்பவும் வண்டி நிக்கலையாம். வளையாம நேரா பள்ளத்துல போச்சாம். கவனிப்பு இல்லாத வண்டி, பிரேக் போயிடுச்சு. அத மெக்கானிக் வாயால நீங்க கேக்கணும். அதுக்கப்புறம் நான் ஊருக்குப் போறேன். உங்க மூஞ்சியில முழிக்கமாட்டேன்.

— வேணாம் மாமா. நான் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன்.

— ஏன், பயமா?

— உங்களுக்காகத்தான் சொல்றேன்.

— எனக்காகவா? எனக்காக நீங்க பண்ணின ஒரே காரியம் பாப்பாவக் கட்டிக்கிட்டது. அது எப்படி முடிஞ்சுதுன்னு பாத்தாச்சு.

— ஐயா, உள்ள வரலாங்களா?

— வாங்க தம்பி, வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துட்டிருக்கோம்.

— வணக்கங்க. சார், எப்படி இருக்கீங்க? அக்கா காரியத்தன்னிக்கு வந்தேன், உங்ககிட்ட வந்து பேசத் தோணல. என்னன்னு பேசறது. கடைக்கு வந்தா வாசல்லயே அதட்டுவாங்க அக்கா. டேய், கைய கழுவிட்டு வண்டியத் தொடுன்னு. சேத்தோட வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு என்னைக் கழுவச் சொல்வாங்க பாருங்க.

— இருக்கட்டும் தம்பி. இன்னிக்கு ஒண்ணும் வேணாம். போயிட்டு வாங்க.

— அவர் பேச்ச விடுங்க. கூப்பிட்டது நான். பிரிங்க. அந்த சங்கிலியப் பாருங்க மொதல்ல. என்ன தெரியுது?

— துருங்க.

— கேட்டுக்குங்க மாப்ள.

— இல்லீங்கய்யா, இது இப்பப் பிடிச்ச துரு. ஈரத்தோட ஷெட்டுல நின்னா ஒரே வாரத்துல வந்துடும். அன்னிக்கு சங்கிலி சுத்தமாத்தான் இருந்திருக்கும், உள்பக்கம் பாருங்க, இன்னும் வெள்ளையா இருக்கு. சங்கிலியால ஆள் விழமாட்டாங்க.

— சக்கரம்?

— நல்லா சுத்துது. தண்ணி போகல. சேறு மேலாப்புலதான். நான் சொன்னா நம்பமாட்டீங்க, சேத்த அப்படியே காய விடறவங்க வண்டிதான் ரொம்ப நாள் வரும். தினம் பைப்ப வச்சு அடிக்கறவங்கதான் மாசம் ஒரு தடவை எங்கிட்ட வந்து நிப்பாங்க. அக்காவுக்கு அதெல்லாம் அத்துப்படி.

— தம்பி, நீங்க மாப்ளைக்கு மாலை போட வந்தீங்களா, வண்டி பாக்க வந்தீங்களா? பிரேக்கப் பாருங்க.

— பாக்கறேங்க. பிடி கெட்டியா இருக்கு. அழுத்தம் நல்லா போகுது. உள்ள இருக்கற எண்ணெய் ஒழுகல. அப்ப ஏன் நிக்கல... இருங்க, பிரேக் கட்டைய உருவிப் பாக்கறேன்.

— தம்பி, போதும். விட்டுடுங்க.

— ஒரு நிமிஷம் சார். இதோ வந்துடுச்சு. அட.

— என்ன அட? சத்தமா சொல்லுங்க, அவர் காதுல விழட்டும்.

— கட்டை பூரா எண்ணெய் குடிச்சிருக்குங்க. கண்ணாடி மாதிரி மினுக்குது பாருங்க. முன்னாடி ரெண்டு கட்டையும் அப்படித்தான். பின்னாடியும்... ஆமா, அதுவும். சார், ஏதாவது ஸ்பிரே அடிச்சீங்களா? இது சங்கிலிக்குப் போடற எண்ணெய் இல்ல. லேசா இருக்கு. வாசமும் இல்ல.

— வெள்ளை எண்ணெய் தம்பி. தையல் மெஷினுக்கு விடறது. வேற எது அவ்வளவு லேசா இருக்கும்?

— உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

— விட்டதே நான்தானே. இதுவும் நல்லதாப் போச்சு, மாப்ள முன்னாடியே சொல்லிடறேன். பாப்பா போறதுக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம். இவர் உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தார். நான் இங்க வெயில்ல வண்டியத் தலைகீழா நிறுத்தி, பழைய பல் பிரஷ்ஷால ஒவ்வொரு கம்பியா தேய்ச்சேன். அந்த வண்டி பொறந்ததுலேருந்து அது பாத்த ஒரே துணி என் துணிதான். இரும்பு இரும்போட உரசற எடத்துல எண்ணெய் இல்லன்னா அது மெஷினே இல்ல. என் மெஷின் இன்னிக்கும் பூனை மாதிரி ஓடுது, வந்து பாருங்க.

— ஐயா, எந்தெந்த எடத்துல விட்டீங்க?

— எல்லா எடத்துலயும்தான். சக்கரத்து நடுவுல ஓட்டை ஓட்டையா தட்டு ஒண்ணு இருக்கே, அதுதான் பெரிய தொல்லை. சேறு காஞ்சு, சக்கரத்தச் சுத்தினா கீச்சு கீச்சுன்னு ஒரே கத்தல். ஈரத்துல போயிட்டு வரும்போதே தெருமுனையில கேக்கும். ரெண்டு தட்டுலயும் உள்பக்கம் வெளிப்பக்கம் விட்டு, சுத்திச் சுத்தி விட்டு, சத்தமே இல்லாமப் பண்ணிட்டேன்.

— ரெண்டுலயுமாங்க?

— ஒண்ண விட்டு ஒண்ணு செய்வாங்களா? ரிம்ல மட்டும் ஒரு சொட்டு படவிடல. எனக்குத் தெரியாதா? பிரேக் ரிம்லதானே பிடிக்கும், அங்க எண்ணெய் பட்டா ஆளே போயிடும். பேப்பர மடிச்சு சுத்திலும் சொருகி மறைச்சுக்கிட்டுத்தான் விட்டேன். காலையில பாப்பா பாத்துட்டு, அப்பா புதுசு மாதிரி ஆக்கிட்டியேன்னா. அதுதான் கடைசியா என்கிட்ட சொன்னது... என்ன, ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கறீங்க?

— சார், நான் கிளம்பறேன்.

— கிளம்புங்க தம்பி.

— எங்க கிளம்பறது? பிரேக் ஏன் நிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. இவர் முகத்துக்காக மென்னு முழுங்காதீங்க.

— ஐயா, இந்த மாதிரி வண்டிக்கு ரிம்ல பிரேக் இல்லீங்க.

— பின்ன எங்க இருக்கு?

— அந்தத் தட்டுதாங்க பிரேக்கு.

— எந்தத் தட்டு?

— நீங்க சொன்னீங்களே, அதுதான். இந்தக் கட்டை அதத்தான் கவ்வும். கவ்வறதாலதான் சத்தம். ஈரமும் சேறும் பட்டா கத்தும், கத்தினா பிடிக்குதுன்னு அர்த்தம்.

— நீங்க சின்னப் பையன். சரியாப் பாருங்க. கொஞ்சம் எண்ணெய்தான் விட்டேன். தொடைச்சுட்டேன். பழைய பனியன் துணியால தொடைச்சேன்.

— தொடைச்சாலும் கட்டை உறிஞ்சிடுங்க. அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிட்டுத்தான் போகும்.

— பொய். பொய் சொல்றீங்க. அப்படின்னா வாசல்லயே தெரிஞ்சிருக்குமே. வீட்ட விட்டு எறங்கினதும் பிடிச்சுப் பாத்திருப்பாளே.

— உங்க பின் கேட்டுலேருந்து பாதை மேலதானே ஏறுது. ஒன்றரை மணி நேரம் ஏத்தம். ஏறும்போது பிரேக்க யாருங்க தொடுவாங்க? மொத எறக்கமே கல் வளைவுதான்... ஐயா, இப்படி உக்காருங்க. சார், கொஞ்சம் பிடிங்க. தண்ணி கொண்டு வரவா?

— வேணாம். நீங்க போயிட்டு வாங்க தம்பி.

— வெளிய நிக்கறேன் சார். ஏதாவதுன்னா கூப்பிடுங்க.

— மாப்ள.

— சொல்லுங்க மாமா.

— அதான் சேத்தத் தொட விடலையா நீங்க? இதுக்காகத்தான் மெக்கானிக் வேணாம்னீங்களா? எனக்குத் தெரிய வேணாம்னு. நான் என்னெல்லாம் பேசினேன் உங்கள. உங்களுக்கு... அது பிரேக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். அவ சொல்லியிருக்கா. கழுவு, கழுவாமப் போ, அந்தத் தட்டுல மட்டும் எண்ணெய் பட்டுடாமப் பாத்துக்கோன்னு.

— ஆனா நான் விட்டது உங்களுக்குத் தெரியாது. அப்புறமா எப்படியோ தெரிஞ்சிருக்கு. இந்த வண்டியப் பாத்து, தட்டத் தொட்டுப் பாத்து. அப்படித்தானே? அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா ஓடி வந்து கையத் தட்டிவிட்டிருப்பீங்க. யாரும் பாக்கல. அதுதான் விதி. ஒருத்தராவது பாத்திருந்தா எம்பொண்ணு இருந்திருப்பா. சொல்லுங்க மாப்ள, யாரும் பாக்கலன்னு சொல்லுங்க.

— சமையலறை ஜன்னல்லேருந்து பாத்தேன் மாமா.

— எப்ப?

— நீங்க பேப்பர மடிச்சு ரிம்ல சொருகும்போதுலேருந்து.

— அந்த சத்தியமா? வாயத் தொறக்காதன்னு பாப்பா வாங்கினாளே, அதனாலயா பேசாம இருந்தீங்க? பாவி, அதுக்காகவா?

— அதனாலதான்னு உங்ககிட்ட சொல்லிடலாம்னு ஒன்றரை மாசமா மனசுல ஒத்திகை பாத்தேன். அது இல்ல. அவகிட்ட ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்ககிட்டக்கூட வாயத் தொறக்க வேண்டியதில்ல.

— பின்ன ஏன்?

— காலையில கிளம்பறதுக்கு முன்னாடி எப்படியும் பிரேக்கப் பிடிச்சுப் பாப்பான்னு நெனச்சேன் மாமா. பாத்துட்டு உங்கள எழுப்பி நடுக்கூடத்துல நிக்க வச்சு கிழிப்பா, ஒரே ஒரு தடவை அத நான் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டே கேக்கணும்னு விடிய விடியக் கண்ண மூடாமக் காத்துட்டிருந்தேன்.